விளிம்பில் நான்கு விரல்

அன்று காலை கடலில் இருந்தவர்கள் நான்கு பேர்.

படகின் முன்பக்கம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த உயர நாற்காலியில் படகோட்டி; சுக்கான் என்றே எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். பின்பக்கம், பேட்டரிப் பெட்டிகளின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அவள் கணவன். நடுவில், வலதுபக்கத்துப் பெஞ்சில், காமிராவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, கடல் கடப்போர் சங்கத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர். நான்காவது ஆள் உட்காரவே இல்லை. படகுக்கு இடதுபக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டு வந்தான். அவன் சுக்கானின் தம்பி.

தண்ணீருக்கு மேலே என்றால் நிஜமாகவே மேலேதான். காலுக்குக் கீழே ஒரு பலகை. பலகைக்கு அடியில் இடுப்பளவு நீளத்துக்கு ஒரு தண்டு. தண்டின் நுனியில் ஒரு மோட்டாரும், கத்தி மாதிரி விளிம்பு தேய்த்த ஒரு ஜோடி இறக்கையும். கையிலிருக்கும் ரிமோட்டின் விசையை அமுக்கினால், இறக்கை தண்ணீருக்குள்ளேயே பறக்க ஆரம்பித்துப் பலகையை அலைக்கு மேலே தூக்கிவிடும். சத்தம் கிடையாது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு மனிதன் கடல்மேல் சும்மா நின்றபடி எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போலத் தெரியும்.

தொல்லையெல்லாம் பேட்டரியில்தான். ஒரு பேட்டரி அக்கரை வரை வராது. நடுக்கடலில் நிறுத்தி மாற்ற வேண்டும், அதுவும் பல தடவை. புதுசை ஒரு மிதவையில் வைத்துக் கயிற்றில் விடுவார்கள். பலகைமேல் குப்புறப் படுத்து, மூடியைத் திறந்து, பழசை உருவிப் புதுசைச் செருகுவது பலகைக்காரன் வேலை. அந்த நேரத்தில் மிதவையைத் தவிர, படகையும் படகிலுள்ள வேறு எதையும் அவனாகத் தொடக்கூடாது. சங்கத்து விதிகளில் தலையான விதி அது. ஒரு விரல் பட்டாலும் அன்றைக்குத் தாண்டிய கடல் தாண்டாத கடல்தான்.

போன வருஷம் பட்டுவிட்டது. அக்கரையின் தண்ணீர்த் தொட்டிகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தம்பி படகின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துவிட்டான். நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளனாக வேலை பார்க்கிறவன் அவன். ஊருக்குத் திரும்பிய மறுநாள், குளத்துப் படிக்கட்டில் இறங்கியவனைப் பார்த்து எவனோ, "அண்ணே, கம்பியைப் பிடிச்சுக்கங்க, ஆழம்" என்றான். குளமே சிரித்தது. வருஷம் முழுக்க அந்தச் சிரிப்பு அவன் காதில் தண்ணீர் போலத் தங்கிவிட்டது.

இந்த வருஷத்து ஏற்பாட்டை அவனேதான் சொன்னான், சாப்பாட்டு மேஜையில், மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது.

"நான் கையை நீட்டினா அடிங்க. கெஞ்சினாலும் அடிங்க. அழுதாலும் அடிங்க."

"யாருடா அடிக்கிறது?" என்றாள் சுக்கான்.

"மாமாதான். அவருக்கு ரொம்ப நாளாவே ஆசை."

சுக்கானின் கணவன் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து தினமும் துறைமுகத்து ஓரத்தில் பயிற்சி. படகில் கொக்கிக்கம்பு ஒன்று உண்டு; கயிற்றை இழுக்க, மிதவையைத் தள்ள. அதன் நுனியில் கனமாக ஸ்பாஞ்சு சுற்றிக் கட்டினார்கள். தம்பி நீந்தி வந்து கையை நீட்டுவான், கணவன் மணிக்கட்டில் ஒன்று வைப்பான். மறுபடி நீட்டுவான், மறுபடி வைப்பான். போகப்போக, கை வந்தால் கம்பு போகும், நடுவில் யோசனைக்கு வேலையில்லை என்கிற அளவுக்கு அது இருவர் உடம்பிலும் ஊறிப்போயிற்று.

அதோடு நின்றிருந்தால் சரி. போன வாரம் பட்டறையில் நடந்தது அதையெல்லாம் கெடுத்துவிட்டது. கணவன் மின்வேலைக்காரன்; பலகையின் பேட்டரிகள் அவன் கையால் கட்டியவை. நீர் புகாதபடி கனமான உறை போட வேண்டும் என்றான் அவன். கனம் கூடாது என்றான் தம்பி. பேச்சு ஏறிக்கொண்டே போய், கடைசியில் கணவன் அதைச் சொல்லிவிட்டான். "போன வருஷம் நீ கம்பியைப் பிடிச்சது களைப்புல இல்லடா. பயத்துல. எனக்குத் தெரியும்."

தம்பி கையிலிருந்த ஸ்பானரை வீசினான். அது கணவனின் புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது. தையல் இன்னும் பிரிக்கவில்லை.

இந்த இரண்டு பேரையும் ஒரே கடலில் வைத்துக்கொண்டுதான் சுக்கான் அன்று படகை எடுத்தாள்.

புறப்படும்போதே ஒரு காரியம் நடந்தது. கண்காணிப்பாளர் படம் எடுக்கக் காமிராவைத் தூக்கியதும், தம்பி எட்டி, கொக்கிக்கம்பின் நுனியிலிருந்த ஸ்பாஞ்சைப் பிய்த்துத் தூர எறிந்தான்.

"எதுக்குடா?" என்றாள் சுக்கான்.

"படத்துல தலையணை கட்டி வச்ச மாதிரி இருக்குக்கா. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

"இருந்துட்டுப் போகட்டும். திரும்பக் கட்டு."

"நான்தான் பிடிக்கவே போறதில்லையே. அப்புறம் அது எதுக்கு?"

கணவன் கம்பின் வெறும் இரும்பு நுனியைத் துணியால் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

பாதிக் கடல் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அதன்பிறகு காற்று திரும்பியது. அலைகள் பக்கவாட்டில் வந்து மோதின. கண்காணிப்பாளரின் முகம் வெளுத்து, பச்சையாகி, கடைசியில் காமிராவைப் பெஞ்சுக்குக் கீழே செருகிவிட்டு வலதுபக்க விளிம்பில் குனிந்துகொண்டார். காலையில் சாப்பிட்டது, நேற்றுச் சாப்பிட்டது எல்லாம் கடலுக்குப் போயிற்று.

கடைசிப் பேட்டரி. அக்கரை ஒரு பழுப்புக் கோடாகத் தெரிந்தது. சுக்கான் கியரை விலக்கினாள். கணவன் மிதவையை இறக்கினான். தம்பி வேகத்தைக் குறைத்ததும் பலகை தண்ணீரில் அமர்ந்தது. அவன் குப்புறப் படுத்து மூடியின் தாழைத் திருகினான்.

அப்போதுதான் அந்த அலை வந்தது. சுக்கான் அதைப் பார்த்தாள், கத்தினாள். கத்தல் காற்றில் பின்னால் போய்விட்டது. அலை பலகையை ஓரத்தால் தூக்கித் தலைகீழாகப் புரட்டியது. அடியிலிருந்த இறக்கை வெயிலில் ஒரு கணம் மின்னி, கீழே வந்தது. தம்பி தண்ணீருக்குள் போனான். அவன் போன இடம் சிவந்தது.

மேலே வந்தபோது அவன் வாயைத் திறந்து காற்றைத் தேடினான். மிதவைக் கயிறு கழுத்தைச் சுற்றியிருந்தது. அடுத்த அலை அவனைப் படகின் பக்கத்தில் கொண்டுவந்து எறிந்தது. இடது கையை நீட்டினான்.

சுக்கானின் வேலை இன்னதென்று சொல்ல வேண்டும். துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்களுக்கு ஆள் கொண்டுபோய் ஏற்றும் படகை ஓட்டுகிறவள் அவள். ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற கயிற்றேணிக்கு ஒரு மனிதன் தாவும்போது, அவன் முகத்தை அவள் பார்க்க மாட்டாள், காலைப் பார்க்க மாட்டாள். கையைப் பார்ப்பாள். விரல்கள் ஏணிப்படியை மூடிப் பிடித்த பிறகுதான் படகை விலக்கலாம். முன்னால் விலக்கினால் ஆள் போய்விடுவான். தொட்ட கைக்கும் பிடித்த கைக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குச் சோற்றுக்கும் கல்லுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

கைப்பிடிக் கம்பியின் மேலே நான்கு விரல்களைப் பார்த்தாள். நான்கும் மடங்கி, நகமெல்லாம் வெளுத்து, கம்பியை மூடிப் பிடித்திருந்தன. அவன் கனத்தில் படகே கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

பிடித்துவிட்டான். கடல் போயிற்று. போனால் போகிறது, ஆள் இருக்கிறான் என்று அவள் நாற்காலியை விட்டு இறங்கினாள்.

கணவன் கம்போடு எழுந்து நின்றான். விரல்களைப் பார்த்தான். குனிந்து தம்பியின் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் தையல்மேல் ஒட்டியிருந்த ஈரமுடியைப் புறங்கையால் ஒதுக்கிக்கொண்டான். அதன் பிறகு கம்பை ஓங்கினான்.

முதல் அடியில் விரல்கள் விடவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு முறிகிற சத்தம் சுக்கானுக்குக் கேட்டது. தம்பி கத்தவில்லை. கம்பியிலிருந்து அவன் கை கழன்று, தண்ணீருக்குள் போனது.

சுக்கான் கணவனின் நெஞ்சில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். அவன் பேட்டரிப் பெட்டிகளின்மேல் விழுந்தான். அவள் உயிர்வளையத்தைத் தூக்கினாள்.

"போடாதே." தம்பியின் குரல். கழுத்துக் கயிற்றைப் பிய்த்துவிட்டுப் பலகைமேல் பாதி ஏறியிருந்தான். "அதைத் தொட்டாலும் போச்சு. போடாதேக்கா."

"ரத்தம் போகுதுடா."

"தெரியுது. தள்ளி நில்லு."

காலைப் பலகையோடு கட்டும் வாரை அவிழ்த்துத் தொடையைச் சுற்றி இறுக்கினான். பல்லால் முடிச்சிட்டான். ஒரு கையாலும் வாயாலும் பழைய பேட்டரியை உருவிப் புதுசைப் போட்டான். இடது கையில் இரண்டு விரல்கள் இருக்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. வலது மணிக்கட்டில் வாரோடு கட்டியிருந்த ரிமோட் இன்னும் இருந்தது. விசையை அமுக்கினான். பலகை நகர்ந்தது, எழும்பியது, பறந்தது.

கண்காணிப்பாளர் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். "என்ன ஆச்சு? ஏன் இவ்வளவு ரத்தம்?"

"பலகை புரண்டுருச்சு சார்," என்றான் கணவன், பெட்டிமேல் விழுந்தவன் விழுந்தபடியே. "இறக்கை தொடையை வெட்டிருச்சு. கையை நீட்டினான். படறதுக்கு முந்தியே தட்டிட்டேன்."

சுக்கான் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கம்பைப் பார்த்தான்.

அக்கரையில் கூழாங்கல் கரை. தம்பி பலகையிலிருந்து விழுந்து, முழங்காலால் ஊர்ந்து, கல்லின் மேல் நெற்றியை வைத்துக் கிடந்தான். வேடிக்கை பார்க்க நின்ற சிலர் கை தட்டினார்கள். அவர்களுக்கு இது ஜெயித்தவன் கரையை வணங்குவது மாதிரி தெரிந்திருக்க வேண்டும்.

படகு கரை தட்டியதும் கணவன் தண்ணீரில் குதித்து ஓடினான். "மச்சான், எழுந்திரு, தூக்கிக்கிறேன்" என்று அக்குளில் கை கொடுத்தான்.

தம்பி எழுந்தான். எழுந்த வேகத்திலேயே கையிலிருந்த ரிமோட்டை மாமாவின் வாயில் இறக்கினான். பல் ஒன்று தெறித்தது. கை தட்டினவர்கள் நிறுத்திவிட்டார்கள். இருவரும் உருண்டு ஆழமில்லாத தண்ணீருக்குள் போனார்கள். தம்பி மேலே வந்தான். மாமாவின் கழுத்தை ஒற்றைக் கையால் பிடித்து, முகத்தைக் கல்லோடு சேர்த்து அமுக்கினான். தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன.

சுக்கான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"விடுடா. செத்துடுவார்."

"சாகட்டும்."

"விடுடான்னா."

"பயத்துல பிடிச்சேனாம். இப்ப யாருக்குப் பயம்னு கேளு."

குமிழிகள் குறைந்தன. அவன் தோளையும் முடியையும் இழுத்துப் பார்த்தாள். ஆறடி உடம்பு, அவள் பலத்துக்கு மசியாது. அவன் இடது கை மடியில் ஊதிப்போய்க் கிடந்தது. சுக்கான் அந்தக் கையை எடுத்து, முறிந்த இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிடித்து, ஒரு முறுக்கு முறுக்கினாள்.

கடலில் கத்தாதவன் இப்போது கத்தினான். பிடி விட்டுப்போயிற்று. கணவன் இருமிக்கொண்டே தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினான். கண்காணிப்பாளர் படகிலேயே நின்று இதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவருக்கு வாந்தி வரவில்லை.

அந்தக் கரையின் ஆஸ்பத்திரி சின்னது. தொடையைத் தைத்தார்கள். மோதிர விரலுக்குக் கம்பி வைத்தார்கள். சுண்டு விரலைக் காப்பாற்ற முடியவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, "முறிவு மட்டும்னா பார்த்திருக்கலாம். அப்புறமா யாரோ திருகியிருக்காங்க" என்றாள்.

"நான்தான்," என்றாள் சுக்கான்.

டாக்டரம்மா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

கண்காணிப்பாளர் தாழ்வாரத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கடற்கரையில் நடந்த அடிதடி சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதது, அது குடும்ப விவகாரம் என்று முதலில் சொல்லிவிட்டார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"அந்த நேரத்துல நான் எந்தப் பக்கம் குனிஞ்சிருந்தேன்னு உங்களுக்கே தெரியும்மா. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுத மாட்டேன். அப்படி ஒரு நிலைமை வந்தா படகோட்டியோட கடிதம்தான் முடிவு. கை பட்டுச்சா, படலையா, எப்படி நடந்துச்சு, எல்லாம் எழுதி, நீங்களே ஒட்டி, இன்னிக்கே இந்தக் கரையிலிருந்து தபால்ல போடணும். நானும் பிரிக்கக் கூடாது. தம்பியும் பிரிக்கக் கூடாது."

"நான் அவனுக்கு அக்கா. அப்படி இருந்துமா?"

"படகோட்டிங்க எல்லாருமே யாருக்காவது யாராவதுதாம்மா. வேற எவன் இவ்வளவு தூரம் கூட வருவான்?"

அவள் அறைக்குள் போனபோது, பார்ப்பாள் என்று நினைத்தே இராத ஒன்றைப் பார்த்தாள். கணவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வீங்கின வாயோடு, தம்பிக்கு ஸ்ட்ராவில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

"வாக்கா. மாமாவுக்குப் பல்லு போச்சு, எனக்கு விரல் போச்சு. ரெண்டு பேரும் ராசி."

"நல்லது," என்றாள்.

"கடிதம் எழுதணுமாமே. சங்கத்துக்காரர் சொன்னார்." தம்பி கண்ணை அவளிடமிருந்து எடுக்கவில்லை. "நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பட்டுச்சு. எனக்கும் தெரியும்." குரலைத் தாழ்த்தினான். "படலைன்னு எழுது. மாமா அப்பவே அப்படித்தான் சொல்லிட்டார். மூணு பேரும் ஒண்ணு சொன்னா அது அதுதான்."

"உன் விரலை முறிச்சவர்கூடச் சேர்ந்து சொல்றியா?"

"படலைன்னா அவர் முறிக்கலையேக்கா. நான் சொன்னதைச் செஞ்சார், அவ்வளவுதான். பட்டுச்சுன்னா என்ன ஆகும், யோசி. எனக்குக் கடல் போச்சு. அவருக்கு..." மாமாவைப் பார்த்தான். "அவர் சும்மா ஒருத்தன் கையை உடைச்ச ஆளா ஆயிடுவார். உனக்கு அதுவா வேணும்?"

கணவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். பல் போன இடத்தில் காற்று புகுந்து வார்த்தை விசிலடித்தது. "அடுத்த வருஷம் இதைவிட அகலமான கடல் பார்த்து வச்சிருக்கான். என்னையே கம்போட வரச் சொல்றான்."

"மாமாவைத் தவிர வேற எவனுக்கு அந்த அடி வரும்?" என்று தம்பி சிரித்தான்.

சுக்கான் ஒரே ஒரு வேலை செய்தாள். போர்வையை இழுத்துத் தம்பியின் பாதத்தை மூடினாள். "படகுல காகிதம் இருக்கு. எடுத்துட்டு வரேன்," என்று வெளியே போனாள்.

கணவன் பின்னாலேயே வந்தான்.

படகு படகுத்துறை மேடையில் நீளக் கயிற்றால் கட்டியிருந்தது. சுக்கான் ஏறி, நாற்காலிக்குக் கீழே இருந்த அறையைத் திறந்து காகிதமும் உறையும் எடுத்தாள். அவன் பின்பக்கம் பேட்டரிப் பெட்டிகளுக்கு அருகே நின்றான். கம்பு அவன் காலடியில் கிடந்தது.

"விரல் கம்பியில இருந்துச்சு," என்றாள் திரும்பாமல்.

"ம்."

"நீங்க பார்த்தீங்க. பார்த்துட்டு முடியை ஒதுக்கிட்டு அடிச்சீங்க."

"பார்த்தேன்."

"பிடிச்சுட்டான்னு தெரியும்."

"தெரியும்."

"அப்ப அந்த அடிக்கு என்ன பேரு?"

"என்ன பேரு வேணும் உனக்கு? பட்டறையில அவன் ஸ்பானரை வீசினப்ப நீ என்ன பேரு வச்ச? 'சின்னப் பையன், கோபக்காரன்'னு சொல்லிட்டு எனக்கு மஞ்சள் மருந்து தடவுன. கோபம் அவனுக்கு மட்டும்தான் வரணுமா?"

"இப்ப அவனுக்கு ஒரு விரல் இல்ல."

"அதைத் திருகினது யாரு?"

அது அவளுக்கு உறைத்தது. உறைத்ததைக் காட்டிக்கொள்ளாமல் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

"என்ன எழுதப் போற?"

"பார்த்ததை."

அவன் இரண்டே எட்டில் வந்தான். அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையை ஸ்டியரிங் மேல் சாய்த்தான். மறுகை அவள் சட்டைக்குள் காகிதத்தைத் தேடியது. இத்தனை வருஷத்தில் அவன் அவள்மேல் கை வைத்ததில்லை. வைத்துப் பார்த்தே இராதவன் என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. எவ்வளவு வலிக்கும் என்று அவனுக்கே கணக்கில்லை.

"அவன் சந்தோஷமா இருக்கான். நான் சந்தோஷமா இருக்கேன். நீ ஏன்டி கெடுக்கிற?"

"முடியை விடுங்க."

"எழுத மாட்டேன்னு சொல்லு."

அவள் கன்னம் ஸ்டியரிங்கில் அழுந்தியிருந்தது. கண்ணுக்கு நேரே சாவி. அதற்குப் பக்கத்தில் வேகக் கம்பி. துறைமேடைக் கயிறு எவ்வளவு தொய்வாகக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், கட்டினவள் அவள். சாவியைத் திருகினாள். இன்ஜின் உறுமியது. அவன் "என்ன பண்ற" என்பதற்குள் வேகக் கம்பியை முழுசாக முன்னே தள்ளினாள்.

படகு பாய்ந்தது. கயிறு நீண்டு, விறைத்து, ஒரே இழுப்பில் நின்றது. ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கிடந்த சுக்கானுக்கு விலா எலும்பு அதிர்ந்தது. நின்றுகொண்டிருந்தவன் முதலில் பின்னாலும் பிறகு முன்னாலும் எறியப்பட்டு, பேட்டரிப் பெட்டியின் மூலையில் நெற்றியால் விழுந்தான். அவன் விரல்களில் அவள் முடி ஒரு கொத்து இருந்தது.

இன்ஜினை நிறுத்தினாள். அவன் புரண்டு உட்கார்ந்தான். தையல் பிரிந்து, ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. கை கம்பைத் தேடியது. அவள் முந்திக்கொண்டு அதை எடுத்தாள். எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க. வச்சுக்கங்க. நாளைக்குக் காலையில இதே படகுல உங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு நான்தான் திரும்பிப் போகணும். அப்ப அடிக்கிறதுன்னா அடிங்க. யார் ஓட்டுவான்னு மட்டும் யோசிச்சுட்டு அடிங்க."

அவன் கம்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் துறைமேடையில் ஏறி, கயிற்றை இன்னொரு சுற்றுக் கட்டி இறுக்கிவிட்டுப் போனாள்.

தபால் நிலையம் துறைமுகச் சாலையின் மூலையில். உள்ளே ஒரு நீள மேஜை, சங்கிலி போட்ட பேனா, பாதி காய்ந்த பசைப் புட்டி. கவுண்டருக்குப் பின்னாலிருந்த பெண் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். வண்டி வெளியே நின்றது.

சுக்கான் நின்றுகொண்டே எழுதினாள். உட்கார்ந்தால் விலா வலித்தது. யார் எங்கே இருந்தார்கள், காற்று எந்தப் பக்கம், அலை எப்போது என்பதையெல்லாம் வரிசையாக எழுதினாள். பலகைக்காரனின் இடது கையின் நான்கு விரல்கள் படகின் கம்பியைப் பிடித்தன, பிடித்த பிறகே அடி விழுந்தது, அடித்தவர் பிடித்ததைப் பார்த்தார் என்று எழுதினாள். முறிந்த விரல்களைக் கரையில் முறுக்கியது படகோட்டி என்று எழுதினாள். அந்த வரியில் பேனா கொஞ்சம் நின்றது. மசி ஒரு புள்ளியாக ஊறியது. அப்புறம் மேலே நகர்ந்தது.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, மாமா எங்க?"

"படகுல."

"எழுதிட்டியா?"

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"எப்படி எழுதியிருக்க?"

கண்ணாடிக்கு வெளியே தபால் வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்தார்.

"உனக்கு வலி இருக்கா?" என்று கேட்டாள்.

"மருந்து குடுத்திருக்காங்க. இல்லாத விரல்தான் வலிக்குது. வேடிக்கையா இருக்கு. அக்கா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நீ கம்பியைப் பிடிச்சப்ப என்ன நினைச்ச?"

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது.

"ஒண்ணும் நினைக்கல," என்றான். "உன்னைக் கூப்பிட்டேன். கேட்கலையா?"

"காத்துல கேட்கலடா."

"அக்கா..."

"நான் நாற்காலியை விட்டு இறங்கிட்டேன். உன்னை ஏத்தத்தான் இறங்கினேன். அதையும் எழுதியிருக்கேன்."

"அப்ப பட்டுச்சுன்னு எழுதிட்ட." அவன் குரல் தாழ்ந்தது. "நீயுமா?"

அவன் போனை எதிலோ அடித்து உடைத்தது கேட்டது. மூன்று தடவை மோதிற்று, பிறகு இணைப்பு போயிற்று.

கீழே கையெழுத்துப் போட்டாள். பெயருக்குக் கீழே 'படகோட்டி' என்று எழுதினாள். அதற்கும் கீழே இன்னும் ஒரு வார்த்தைக்கு இடம் இருந்தது. யோசித்துவிட்டு 'பலகைக்காரனின் அக்கா, அடித்தவரின் மனைவி' என்றும் சேர்த்தாள். மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். பசை வரவில்லை. புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். வந்தது. நாலு ஓரமும் படத் தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

"பதிவா, சாதாவா?" என்றாள் கவுண்டர் பெண்.

"பதிவு."

அந்தப் பெண் உறையை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தாள். தலையில் முடி போன இடத்தைப் பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் அரக்கை விளக்கில் காட்டினாள். சிவந்த சொட்டு ஒன்று உறையின் மடிப்பில் விழுந்தது. அது ஆறுவதற்குள் முத்திரையை அதன்மேல் வைத்து அமுக்கினாள்.

உறை பைக்குள் போயிற்று. பையின் வாயைக் கட்டி வண்டிக்காரரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய் உள்ளே எறிந்தார், கதவை அடித்துச் சாத்தினார், வண்டியை எடுத்தார்.